தறிச்சத்தத்துக்குள் ஒரு பாடம்

போன கோடை விடுமுறைக்குப் பல்லடம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். இரண்டாம் வகுப்பு முடித்திருந்த மகள், பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். 'ஒலி ______ ஆல் உண்டாகிறது' என்று ஒரு கோடிட்ட இடம். 'அதிர்வு' என்று சரியாகத்தான் நிரப்பியிருந்தாள். நிரப்பிவிட்டு, "அதிர்வுன்னா என்னப்பா?" என்றாள்.

நான் பொறியியல் படித்தவன். அலைச் சமன்பாட்டைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஏழு வயதுக்குச் சொல்ல வாயில் ஒன்றும் வரவில்லை. "ஒரு பொருள் வேகவேகமா ஆடுறது" என்றேன். "ஊஞ்சல்கூடத்தான் ஆடுது. அது சத்தம் போடலையே?" என்றாள். நியாயமான கேள்வி. விநாடிக்கு ஏறத்தாழ 20 தடவையாவது ஆடினால்தான் நம் காதுக்கு அது ஒலி. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று தெரிந்ததால் பேச்சை மாற்றினேன்.

பதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டை ஒட்டி அப்பாவின் தறிக்குடோன். சாதா விசைத்தறியில் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் குறுக்கே பாயும். விநாடிக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வேகத்தில் அது சுரமாகக் கேட்காது, தட்டுத் தட்டாகத்தான் கேட்கும். ஆனால் ஒவ்வொரு தட்டிலும் மரமும் இரும்பும் விநாடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் துடிக்கின்றன. நாம் 'தடக்' என்று கேட்பது அந்தத் துடிப்பை. அன்று மதியம் சாப்பிடும்போது சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக வரி விழுவதை மகள்தான் முதலில் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. தறி நின்றது, சத்தம் நின்றது, தண்ணீரில் வரியும் நின்றது. அவள் சொம்பையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அது நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஒலியைப் புரிந்துகொண்ட வரலாற்றைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான்: காதை மட்டும் நம்பியவர்கள் அதிக தூரம் போகவில்லை. கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் வழி கண்டுபிடித்தவர்கள்தான் போனார்கள். நம் தொல்காப்பியரின் பிறப்பியலே அப்படித்தான். கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, கழுத்து, நெஞ்சில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணத்தோடு சேர்ந்து எழுத்தாகிறது என்று அவர் சொல்வது கேட்டு எழுதியது மட்டும் அல்ல. தன் வாயையும் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

1638இல் வெளியான நூலில் கலிலியோ எழுதியது கிட்டத்தட்ட எங்கள் சொம்புதான். கண்ணாடிக் கோப்பையின் விளிம்பை ஈர விரலால் தேய்த்து ஓசை எழுப்பினால், அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் ஒழுங்கான அலைகள் எழுகின்றன. 1680இல் ராபர்ட் ஹூக் கண்ணாடித் தட்டில் மாவைத் தூவி அது அதிரும்போது நகர்வதைப் பார்த்தார். ஆனால் இதையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியவர் எர்ன்ஸ்ட் கிளாட்னி. அப்பாவின் கட்டாயத்தில் சட்டம் படித்த ஜெர்மன்காரர். அப்பா இறந்த பிறகு அறிவியலுக்கு வந்தவர். (இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கட்டுரை எழுதுகிற எனக்கு இவர்மேல் ஒரு தனிப் பாசம்.) தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்தார். மணல் துள்ளி ஓடி, தகடு அசையாத கோடுகளில் போய் ஒதுங்கி நட்சத்திரமாகவும் கட்டமாகவும் நின்றது. 1787இல் புத்தகமாக வந்தது. 1809இல் நெப்போலியன் முன்னாலேயே இதைச் செய்து காட்டினார். அந்தக் கோலங்களுக்குக் கணித விளக்கம் தருபவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று முறை முயன்று 1816இல் அதை வாங்கியவர் சோஃபி ஜெர்மேன் என்ற பெண். பெண் என்பதால் கல்லூரிக்குள் விடப்படாமல், வீட்டிலிருந்தே கணிதம் கற்றவர்.

நம் பக்கம் அந்த மணலைக் கையில் எடுத்தவர் சி.வி.ராமன். 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனவர், ஆபீஸ் வேலைக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவில் இருந்த ஆய்வுக்கழகத்தில் உட்கார்ந்து வயலின், வீணை, தம்புரா என்று தந்திகளை ஆராய்ந்தார். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தோல்வாத்தியங்களைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினார். சாதாரணத் தோல்பரப்பைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக அமையாது. அதனால்தான் பல முரசுகளுக்குச் சுருதி கிடையாது, வெறும் முழக்கம்தான். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கும் கருப்பு வட்டம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. நடுவில் கனம் ஏறியதும் மேல்சுரங்கள் முழு மடங்குகளில் வந்து உட்காருகின்றன. தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கும் கோடுகளை ராமன் படம்பிடித்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களாக ஒன்றுகூடுவதை 1934 கட்டுரையில் விரிவாகக் காட்டினார். கிளாட்னியின் அதே வித்தை, தகட்டுக்குப் பதில் தோல்.

ராமன் இந்தப் பெருமையைப் பண்டைய இந்தியர்களுக்குக் கொடுத்தார். எனக்கு அங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது. அந்தக் கருப்பு வட்டம் ஏட்டில் இருந்து வந்ததல்ல. வடித்த சோற்றையும் கிட்டான் கல் பொடியையும் பிசைந்து, பூச்சுப் பூச்சாகத் தேய்த்து, தட்டி, கேட்டு, மறுபடி தேய்த்த கைகளில் இருந்து வந்தது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து போன்றவர்களின் கைகள். மாட்டுத்தோலைத் தொட்டதற்காகத் தள்ளி வைக்கப்பட்ட கைகளும் அவைதான். 2020இல் டி.எம்.கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' வந்த பிறகுதான் இந்தப் பெயர்கள் சபாக்களுக்கு வெளியே பரவலாகத் தெரியவந்தன.

ராமனின் குறிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்பு, 1919 கிறிஸ்துமஸ் சமயத்தில், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வில்லியம் பிராக் சிறுவர்களுக்கு ஒலியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதில் ஒன்று நகரத்து ஓசைகள், ஒன்று நாட்டுப்புறத்து ஓசைகள், ஒன்று கடல், கடைசியாகப் போர். பிள்ளைகள் வரும் வழியில் கேட்டதிலிருந்தே பாடம் தொடங்கியது. நம் பாடத்தில் இசைக்கவையில் தொடங்குகிறோம். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் இசைக்கவையைக் கண்ணால் பார்த்த பிள்ளை எத்தனை? நான் பார்த்தது பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில், அதுவும் தூரத்தில் இருந்து.

விதிவிலக்குகள் இருந்தன. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில், செய்து பார்த்து அறிவியல் படிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, லாரி கம்பெனி வேலையில் இருந்தவர், அங்கே போன பிறகுதான் குப்பையிலிருந்து பொம்மை செய்யும் ஆளானார். உறிஞ்சுகுழலின் நுனியைத் தட்டையாக்கி முக்கோணமாக வெட்டி ஊத, பீப்பீ என்று கத்தும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரியால் நறுக்க நறுக்கச் சுரம் ஏறும். அலைநீளத்தை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் ஊரில் 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் 'துளிர்' இந்த வேலையைச் செய்தது. ஹோஷங்காபாத் திட்டத்தை 2002இல் அரசே மூடியது.

இதை எல்லாம் மகளுக்காகப் படிக்கத் தொடங்கியவன், அப்பாவிடம் போய் நின்றேன். அப்பாவுக்குக் காது மந்தம். முப்பது வருஷத் தறிச்சத்தம். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் கொதிகலன் செய்யும் நூறு தொழிலாளர்களின் காதைச் சோதித்து, தபால்காரர்களோடு ஒப்பிட்டார். கூட்டங்களில் பேசுவதைக் கேட்கச் சிரமப்பட்டவர்கள் அந்த நூறு பேரில் முக்கால்வாசி. அதாவது காரணம் தெரிந்து நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. உட்செவியில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஓயாத அதிர்வில் சாகின்றன. செத்தது திரும்ப முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கீச்சொலிகள். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்று தொழிற்சாலைகளுக்கு வரம்பு உண்டு. பத்துப் பேர்கூட இல்லாத தறிக்குடோன் அந்தச் சட்டத்துக்குள் வராது. சத்தத்துக்கு அது தெரியாது.

அதனால் அப்பாவுக்குப் பேத்தியின் குரல் பாதிதான் கேட்கும். 'ச'வும் 'த'வும் ஒன்றாகிவிடும். ஆனால் தறியில் எந்த பேரிங் போகப்போகிறது என்று இன்றும் அவர்தான் சொல்வார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் கூட்டில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வார். தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு தாழ்ந்த ஒலி. அது இரும்பு வழியாக எலும்புக்கு ஏறுகிறது. அந்தத் தாழ்ந்த ஒலிகள் அவர் காதில் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள், நூல் தீர்ந்த காகிதக் கோன் இரண்டை எடுத்து, அகல வாயில் பலூனை இழுத்துக் கட்டி, நடுவே நூலைக் கோத்துத் தொலைபேசி செய்தோம். இழுத்துக் கட்டிய கம்பி வழியே ஒலி வெகுதூரம் போவதை ஹூக் 1665லேயே எழுதியிருக்கிறார். தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோன் மகளிடம், இன்னொன்று அப்பாவிடம். நூல் விறைப்பாகும்வரை அவள் வாசலைத் தாண்டிப் பின்னாலேயே நடந்தாள்.

"அப்பாரு, கேக்குதா?" என்று கத்தினாள்.

அப்பா கோனைக் காதில் வைத்தார். தலையை ஆட்டினார். பிறகு கோனைத் திருப்பி, பலூனின் மேல் விரல் நுனியை வைத்தார். அவள் மறுபடி கத்தினாள்.

"கேக்கல அம்மிணி" என்றார். "ஆனா வெரல்ல குறுகுறுங்குது. இன்னொருக்கா சொல்லு."