பக்ஸர் தொகுதி: டிஜிபிக்கு நழுவிய வாய்ப்பு, எஸ்பிக்குக் கிடைத்த வெற்றி

பீகார் சட்டப்பேரவைக்கு 2025 நவம்பரில் நடைபெற்ற தேர்தலில், பக்ஸர் தொகுதியில் பாஜக சார்பில் போட்டியிட்ட முன்னாள் ஐபிஎஸ் அதிகாரி ஆனந்த் மிஸ்ரா 28 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். தோல்வியடைந்தவர், 2015, 2020 ஆகிய இரு தேர்தல்களிலும் அங்கு வென்றிருந்த காங்கிரஸின் சஞ்சய் குமார் திவாரி.

கங்கைக் கரையில் அமைந்துள்ள இத்தொகுதியின் மீது காவல் துறையினர் கண் வைப்பது இது முதல் முறையன்று. மாநிலக் காவல் துறையின் தலைமைப் பதவியில் இருந்தவரே ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இதற்காகப் பதவியைத் துறந்ததாகக் கருதப்பட்டது.

1987ஆம் ஆண்டு ஐபிஎஸ் பிரிவைச் சேர்ந்த குப்தேஸ்வர் பாண்டே, 2019 ஜனவரி 31 அன்று பீகார் டிஜிபியாக நியமிக்கப்பட்டார். நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரண வழக்கில் தொலைக்காட்சிகளில் தொடர்ந்து பேசியதன் மூலம் நாடு முழுவதும் அறியப்பட்டார். பணி ஓய்வுக்கு ஐந்து மாதங்கள் இருந்த நிலையில், 2020 செப்டம்பர் 22 அன்று அவரது விருப்ப ஓய்வு ஏற்கப்பட்டது. மூன்று மாத முன்னறிவிப்பு தேவை என்ற விதியை மாநில அரசு தளர்த்தியது. மூன்றே நாளில் தேர்தல் அட்டவணை வெளியானது. ஐந்தாம் நாளில் அவர் ஐக்கிய ஜனதா தளத்தில் இணைந்தார்.

சொந்த மாவட்டமான பக்ஸரில் அவர் களமிறங்குவார் என்ற எதிர்பார்ப்பு, கூட்டணிப் பங்கீட்டில் கரைந்தது. தொகுதி பாஜகவுக்குச் சென்றது. அக்கட்சி வேட்பாளராக அறிவித்த பரசுராம் சதுர்வேதி, காவல் துறையில் கான்ஸ்டபிளாகப் பணியாற்றியவர். டிஜிபிக்குக் கிடைக்காத வாய்ப்பு கான்ஸ்டபிளுக்குக் கிடைத்ததாக அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் சதுர்வேதியும் குறைந்த வாக்குகள் வித்தியாசத்தில் திவாரியிடம் தோற்றார்.

பாண்டேவுக்கு இந்த ஏமாற்றம் புதிதன்று. 2009ஆம் ஆண்டிலும் அவர் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பித்திருந்தார். மக்களவைத் தேர்தலில் பக்ஸரில் போட்டியிடவே விலகினார் என அப்போது பரவலாகப் பேசப்பட்டது. வாய்ப்பு கிடைக்காத நிலையில், சுமார் ஒன்பது மாதங்களுக்குப் பின் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். கட்சி வாய்ப்பை நாடியதாகக் கூறப்பட்ட ஒருவர், பின்னாளில் தேர்தல் காலப் பாதுகாப்பையும் கவனிக்கும் பதவிக்கு உயர முடிந்தது என்பதே இதில் உற்றுநோக்கத்தக்கது. 2020க்குப் பின் அவர் ஆன்மிகச் சொற்பொழிவாளரானார்.

அசாமில் லக்கிம்பூர் மாவட்ட எஸ்பியாக இருந்த ஆனந்த் மிஸ்ராவின் பாதையும் நேரானதாக இல்லை. மக்களவைத் தேர்தலுக்காகப் பணியைத் துறந்த அவருக்கு 2024இல் பாஜக வாய்ப்பளிக்கவில்லை. சுயேச்சையாகப் போட்டியிட்டு 47 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். பாஜக அத்தொகுதியை ராஷ்ட்ரிய ஜனதா தளத்திடம் இழந்ததோ சுமார் 30 ஆயிரம் வாக்குகளில்! இடையில் ஜன் சுராஜ் அமைப்பில் இருந்துவிட்டு, 2025இல் பாஜகவில் இணைந்தார். அதே தேர்தலில் ஜமால்பூர், அராரியா ஆகிய இரு தொகுதிகளில் சுயேச்சையாக நின்ற முன்னாள் ஐபிஎஸ் அதிகாரி சிவ்தீப் லாண்டே, மக்களிடையே பெரும் புகழ் பெற்றிருந்தும் இரண்டிலும் தோல்வியைத் தழுவினார்.

ஓய்வுபெறும் ஐபிஎஸ் அதிகாரி ஓராண்டுக்குள் தனியார் நிறுவனப் பணியில் சேர அரசின் அனுமதி பெற வேண்டும். தேர்தலில் போட்டியிடுவதற்கு அத்தகைய காத்திருப்புக் காலம் ஏதும் இல்லை. அதை ஏற்படுத்துமாறு தேர்தல் ஆணையம் 2012இல் பரிந்துரைத்தது. அரசியலமைப்புச் சட்டத்துக்கு உகந்ததாக இராது எனக் கூறி மத்திய அரசு அதனை ஏற்கவில்லை. இதே கோரிக்கையுடன் தொடரப்பட்ட பொதுநல மனுவை 2022 மே மாதம் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இது குறித்து முடிவெடுக்க வேண்டியது சட்டமியற்றும் அவையே எனத் தெரிவித்தது. அப்படியொரு சட்டம் இதுவரை இயற்றப்படவில்லை.