தண்ணீர்க் கடிகாரமும் அல் ஜஸரியும்

போன வாரம் தரம் 8 பிள்ளைகளோடு தண்ணீர்க் கடிகாரம் ஒன்று செய்தோம். எங்கோ கிடைத்த செய்முறைத் தாள்தான் வழிகாட்டி. போத்தலின் அடியில் துளை போட்டு, பக்கத்தில் சம இடைவெளியில் கோடு கீறினால் ஒவ்வொரு கோடும் ஐந்து நிமிடமாம். முதல் கோடு சரியாக வந்தது. கடைசிக் கோட்டுக்குப் பதினைந்து நிமிடம் தாண்டியும் தண்ணீர் இறங்கவில்லை. மட்டம் குறையக் குறைய அழுத்தமும் குறையும், ஒழுக்கு மெதுவாகும். "சேர், இத எழுதினவர் செஞ்சு பாக்கல்லயா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

பிள்ளைகளுக்கு அல் ஜஸரியைப் பற்றிச் சொன்னேன். இன்றைய துருக்கியில் உள்ள தியார்பகிரில், அர்துகி மன்னர்களிடம் சுமார் 25 வருடம் வேலை செய்த பொறியியலாளர் அவர். செய்த கருவிகளையெல்லாம் எழுதி வைக்கும்படி மன்னர் கேட்க, 1206 இல் 50 கருவிகளைப் பற்றிய நூலை முடித்தார். முன்னோரின் நூல்களையும் படித்தவர்தான். ஆனால் படித்ததை அப்படியே நம்பவில்லை. பக்தாத்தின் பனூ மூஸா சகோதரர்களை மதித்தவர், அவர்களின் நீரூற்றில் வடிவம் மாறும் இடைவெளி போதாது என்று வேறு முறையில் செய்தார்.

எங்கள் போத்தலில் வந்த அதே சிக்கலுக்கு அவரது கோட்டைக் கடிகாரத்தில் தீர்வு இருக்கிறது. பெரிய தொட்டியிலிருந்து சின்ன அறைக்குத் தண்ணீர் வரும். அங்கே மிதவையின் மேல் ஒரு கூம்பு அடைப்பான். மட்டம் ஏறினால் அடைக்கும், இறங்கினால் திறக்கும். அதனால் ஒழுக்கு மாறாது. அந்த அடைப்பான் ஒழுகாமலிருக்க அதை இருக்கையோடு சேர்த்துக் குருந்தப் பொடியால் தேய்க்க வேண்டும் என்பதையும், பலகை வளையாமலிருக்க அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறார். கை அழுக்காகாத ஒருவருக்கு இதெல்லாம் எழுதத் தோன்றாது என்பது என் எண்ணம். படங்கள் அளவுக்குச் சரியானவையல்ல என்றும் அவரே ஒத்துக்கொள்கிறார்.

அந்நூலை 1974 இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த டொனால்ட் ஹில்லும் ஒரு பொறியியலாளர்தான். 1976 இல் லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் அந்தக் கடிகாரத்தைத் திரும்பவும் கட்டி ஓடவிட்டார்கள். 770 வருடத்துக்குப் பிறகும் அந்தச் செய்முறை வேலை செய்தது!

வரும் செவ்வாய் நாங்களும் மிதவை வைத்துச் செய்யப் போகிறோம். யார் வீட்டிலாவது பழைய டேங்க் போல் வால்வ் கிடந்தால் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். உடைந்ததென்றாலும் பரவாயில்லை.