975,000 பேரின் கணக்கு

1972இல் வரலாறு, புவியியல், குடியியல் மூன்றையும் சேர்த்து நம் பாடசாலைகளில் சமூகக் கல்வி என்றாக்கினார்கள். பிறகு திரும்பப் பிரித்தார்கள். இன்று தரம் 9 தாண்டினால் குடியியற் கல்வி விரும்பினால் எடுக்கும் பாடம். சேர்த்தாலும் பிரித்தாலும், பிரஜை என்றால் யார் என்பது ஒரு பாடவேளைக்குள் பிள்ளைகளுக்கு விளங்காது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். எல்லாப் பாட ஆசிரியர்களும் கைகொடுக்க வேண்டும்.

மலையக மக்களின் கதையையே எடுங்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளரிலும் பலர் வாக்களித்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948இலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த ஒருவர் அதற்குப் பத்திரம் எங்கே தேடுவார்?

1949இல் வந்த அடுத்த சட்டத்தின் பெயரிலேயே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' என்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்து கொழும்பில் வியாபாரம் செய்த முஸ்லிம்களையும் அது தொட்டது. ஆகவே இது வேறு யாருடையதோ கதை என்று நம் பிள்ளைகள் இருக்க முடியாது. ஸாஹிராவின் அதிபராக இருந்த டி.பி. ஜாயா அன்றைய அமைச்சரவையில் இருந்தார். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இனி கணிதப் பாடம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், பிறகு பார்க்கலாம் என்று விட்டது 150,000 பேர். கூட்டினால் 975,000. அந்த மீதியையும் 1974இல் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்தார்கள். தரம் 6 பிள்ளை செய்யும் வகுத்தல்தான். நானா அந்தப் பட்டியலிலும் தங்கச்சி இந்தப் பட்டியலிலும் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைக்குக் கணக்கை நிறுத்திவிட்டுப் பேசலாம். அப்படிப் பிரிந்த குடும்பங்கள் உண்டு.

புவியியல் பாடத்தில் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் போன வழியை வரையலாம். தமிழ்ப் பாடத்தில் பதிவாளருக்கு விண்ணப்பக் கடிதம் எழுதலாம். எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இல்தான் சட்டம் வந்தது. 1948இலிருந்து எத்தனை வருடம் என்று பிள்ளைகளே கழித்துப் பார்க்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமை உங்கள் வாப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தேடிப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அவருடைய வாப்பாவின் பத்திரமும் இருக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் அதையும் வகுப்பில் வந்து சொல்லச் சொல்லுங்கள்.