சீட்டு கட்டினார்கள்... கார் மட்டும் வரவே இல்லை! - ஃபோக்ஸ்வாகன் பெயர் வாங்கிய கதை, பெயரைக் கெடுத்துக்கொண்ட கதை

நகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு கட்டிப் பழகியவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் கதை உங்களுக்குச் சட்டென்று புரியும்.

1938-ல் ஜெர்மனியில் ஒரு கார் சீட்டு தொடங்கினார்கள். வாரம் 5 மார்க் கொடுத்து ஸ்டாம்ப் வாங்கி, ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். காரின் விலை 990 மார்க். கட்டிய பணத்துக்கு வட்டி கிடையாது. நடுவில் நிறுத்தினால் அதுவரை போட்ட பணமும் போச்சு. இவ்வளவு கறாரான சீட்டில் சுமார் 3,36,000 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட கார் கிடைக்கவில்லை.

ஃபோக்ஸ்வாகன் தொடங்கியது இப்படித்தான். ஆனால், இதே பெயர்தான் அடுத்த 20 வருஷத்தில் 'சின்ன கார்னா இதுதான், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்' என்று அமெரிக்கர்களையே சொல்ல வைத்தது. பிறகு 2015-ல் ஒரு சாஃப்ட்வேர் விஷயத்தில் மாட்டி, மறுபடியும் தலைகுனிந்தது. ஒரு கம்பெனியின் 'நல்ல பெயர்' எதில் இருக்கிறது என்று யோசிக்க, இதைவிடத் தோதான கதை கார் உலகத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் பலரும் 'வோல்க்ஸ்வேகன்' என்கிறோம். ஜெர்மன் மொழியில் 'வி' என்ற எழுத்துக்கு 'ஃப' உச்சரிப்பு. அதனால் அது ஃபோக்ஸ்வாகன். ஃபோக் என்றால் மக்கள், வாகன் என்றால் வண்டி. மக்கள் கார்!

ஹிட்லரின் கார்

அந்தக் காலத்து ஜெர்மனியில் கார் என்பது பணக்காரர்களின் பொருள். சாதாரணத் தொழிலாளி பைக் வாங்கினாலே பெரிய விஷயம். 'இரண்டு பெரியவர்கள், மூன்று குழந்தைகள் உட்கார வேண்டும். 100 கி.மீ வேகத்தில் போக வேண்டும். விலை ஆயிரம் மார்க்கைத் தாண்டக் கூடாது' என்று ஹிட்லர் கேட்டார். இந்தக் காரை வடிவமைக்கும் வேலை 1934-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷேவிடம் வந்தது. ஆமாம், பின்னாளில் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயர் போன அதே போர்ஷே குடும்பம்தான்.

மற்ற கார் கம்பெனிகளுக்கு இந்த விலையில் நம்பிக்கை இல்லை. எனவே நாஜிகளின் தொழிலாளர் அமைப்பே தொழிற்சாலை கட்ட இறங்கியது. 1937 மே மாதம் கம்பெனி பதிவானது. அடுத்த மே மாதம் ஹிட்லரே வந்து அடிக்கல் நாட்டினார். தொழிற்சாலைக்குப் போட்ட பணத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? நாஜிகள் கலைத்துவிட்ட தொழிற்சங்கங்களிடமிருந்து பிடுங்கிய சொத்து.

1939-ல் போர் வந்தது. மக்கள் கார் போய், அதே அடித்தளத்தில் ராணுவ ஜீப் போன்ற வண்டிகள் தயாராயின. சீட்டுப் பணம் கிடந்த பெர்லின் வங்கிக் கணக்கு, போர் முடிவில் சோவியத் ராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. ஏமாந்தவர்கள் பிறகு புதிய ஃபோக்ஸ்வாகன் மீது வழக்குப் போட்டார்கள். 10 வருஷத்துக்கும் மேல் இழுத்து, 1961-ல் சமரசம் ஆனது. புதுக் கார் வாங்கினால் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி, கார் வேண்டாமென்றால் 100 மார்க் வரை ரொக்கம். அவ்வளவுதான்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. போர்க் காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் சுமார் 20,000 பேர் கட்டாய உழைப்பாளிகளாக வேலை வாங்கப்பட்டார்கள். போலந்து, சோவியத் நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், வதை முகாம் கைதிகள் எல்லோரும் இதில் அடக்கம். அந்தப் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, கம்பெனி நடத்திய விடுதியில் வைத்தார்கள். ரூயன் என்ற கிராமத்தில் இருந்த அந்த விடுதியில் 300-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் கவனிப்பில்லாமல் இறந்தார்கள். பொறுப்பில் இருந்த கம்பெனி மருத்துவரை, பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்து 1947-ல் தூக்கில் போட்டது.

இதையெல்லாம் கம்பெனி நீண்ட காலம் பேசவே இல்லை. 1986-ல்தான் ஹான்ஸ் மோம்சென் என்ற வரலாற்று ஆய்வாளரை அழைத்து, 'எங்கள் பழைய கதையை முழுதாக எழுதுங்கள்' என்றது. புத்தகம் வெளிவர 10 வருஷம் ஆனது. 1998-ல் உயிரோடு இருந்தவர்களுக்காக ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தாமதம்தான். ஆனாலும், தன் கையாலேயே தன் அழுக்கை வெளியே எடுத்துப் போட்ட பெரிய கம்பெனிகள் அன்று அதிகமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காப்பாற்றியது ஒரு ஆங்கிலேயர்

1945. குண்டு விழுந்து கூரை பிய்ந்து கிடந்த தொழிற்சாலை, பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் வந்தது. கழற்றி எடுத்துப் போய்விடலாம் என்ற பேச்சும் இருந்தது. அங்கே அனுப்பப்பட்ட மேஜர் ஐவன் ஹர்ஸ்ட், கிடந்த ஒரு காருக்குப் பச்சை பெயின்ட் அடித்துத் தன் மேலதிகாரிகளிடம் காட்டினார். ராணுவத்துக்கும் வண்டி தேவைப்பட்டது. 20,000 கார்களுக்கு ஆர்டர் கிடைத்தது! பக்கத்தில் இருந்த கோட்டையின் பெயரை எடுத்து ஊருக்கு வுல்ஃப்ஸ்பர்க் என்று வைத்தார்கள்.

இந்தக் கம்பெனியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று வெளிநாட்டு கார் கம்பெனிகளிடம் பேசிப் பார்த்தார்கள். 1948-ல் ஃபோர்டுடனும் பேச்சு நடந்தது. யாருக்கும் வேண்டாம். இன்று அந்த முடிவை எடுத்தவர்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

1948 தொடக்கத்தில் ஹைன்ரிஷ் நோர்டாஃப் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவர் செய்தது ரொம்ப எளிமையான விஷயம். காரின் உருவத்தை மாற்றவே இல்லை. வருஷா வருஷம் புது மாடல் என்று பாடி ஷேப்பை மாற்றி ஆசை காட்டுவது அமெரிக்க வழக்கம். நோர்டாஃப் அந்தப் பணத்தை உள்ளே போட்டார். பின் கண்ணாடி பெரிதாகும், பிரேக் நன்றாகும். வெளியே பார்த்தால் அதே வண்டு. பீட்டில் என்று செல்லப்பெயர் வந்ததும் அந்த உருவத்தால்தான்.

இன்ஜின் பின்னால் இருக்கும், காற்றாலேயே குளிரும். ரேடியேட்டர் கிடையாது, அதனால் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து வண்டி மக்கர் செய்யும் பிரச்னையும் கிடையாது. இன்னொரு முக்கியமான விஷயம் சர்வீஸ். கார் விற்கும் டீலரிடம் ஸ்பேர் பார்ட்ஸும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் இருக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தார்கள். வெளிநாட்டு கார் வாங்கிவிட்டு ஒரு கேபிளுக்காக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என்னைக் கேட்டால், ஃபோக்ஸ்வாகனின் நல்ல பெயருக்கு அஸ்திவாரம் விளம்பரம் அல்ல, இந்த சர்வீஸ்தான்.

விளம்பரம் அதற்குப் பிறகு வந்தது. 1949-ல் அமெரிக்காவில் விற்ற பீட்டில்கள் மொத்தம் இரண்டே இரண்டு! 1959-ல் டிடிபி என்ற நியூயார்க் ஏஜென்சி 'திங்க் ஸ்மால்' விளம்பரத்தைப் போட்டது. பக்கம் முழுக்க வெள்ளை, மூலையில் பொடியாக ஒரு கார். அடுத்து வந்த விளம்பரத்தில் கார் படத்துக்குக் கீழே ஒரே வார்த்தை: 'லெமன்'. அமெரிக்கப் பேச்சு வழக்கில் லெமன் என்றால் பழுதான வண்டி. ஒரு சின்னக் கீறலுக்காக இன்ஸ்பெக்டர் இந்தக் காரை நிராகரித்துவிட்டார் என்று கீழே விளக்கம். தன் குறையைத் தானே சொல்கிற கம்பெனி என்றால் எப்படி நம்பாமல் இருப்பது? ஹிட்லரின் காரை அமெரிக்கர்களின் செல்லமாக்கிய இந்த ஏஜென்சியை வழிநடத்திய பில் பெர்ன்பாக் ஒரு யூதர் என்பது இதில் இன்னொரு சேதி.

1972 பிப்ரவரியில் பீட்டில், உற்பத்தியில் ஃபோர்டு மாடல்-டி காரைத் தாண்டியது. கடைசி பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவேப்லா தொழிற்சாலையில் இறங்கியது. மொத்தம் 2,15,29,464 கார்கள். நடுவில் 1974-ல் வந்த கோல்ஃப், இன்ஜினை முன்னால் கொண்டுவந்து கம்பெனியையும் மீட்டது. ஆடி, ஸ்கோடா, பென்ட்லி, லம்போர்கினி, கடைசியில் போர்ஷே என்று எல்லாம் இந்தக் குடைக்குள் வந்தன.

இந்தியாவில் 2009-ல் புனே பக்கத்தில் சாக்கனில் தொழிற்சாலை திறந்தார்கள். அடுத்த வருஷம் போலோ வந்தது. 2010 செப்டம்பரில் ஒருநாள் காலை, 'தி இந்து' பேப்பரைப் பிரித்ததும் பேப்பர் பேச ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறதா? வென்டோ காருக்காக, வெளிச்சம் பட்டதும் பேசும் சின்ன ஸ்பீக்கரை ஒட்டியிருந்தார்கள்.

ஸ்டீயரிங் ஆடவில்லையே!

இப்போது 2015-க்கு வருவோம். டீசல் கார் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் நுரையீரலுக்குக் கெடுதல். அமெரிக்காவில் இதற்கான வரம்பு ரொம்பக் கண்டிப்பானது. அதை அடக்க வேண்டுமானால் மைலேஜ் குறையும், அல்லது கூடுதல் கருவிகள் வைத்து விலை ஏறும். ஃபோக்ஸ்வாகனோ, 'சுத்தமான டீசல், நல்ல மைலேஜ், நியாயமான விலை' என்று மூன்றையும் சேர்த்து விற்றது.

எப்படி முடிந்தது? லேபில் காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டித்தான் புகைச் சோதனை செய்வார்கள். சக்கரம் சுற்றும், ஆனால் ஸ்டீயரிங் திரும்பாது. வேகமும் நேரமும் முன்பே முடிவு செய்யப்பட்ட கணக்கில் இருக்கும். இதை வைத்து 'ஓ, இப்போது பரீட்சை நடக்கிறது' என்று காரின் சாஃப்ட்வேர் கண்டுபிடித்துவிடும். உடனே புகைக் கட்டுப்பாடு முழுதாக வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் தளர்ந்துவிடும். வெளியேறும் வாயு வரம்பைப் போல 40 மடங்கு வரை போனது.

கண்டுபிடித்த விதம்தான் சுவாரஸ்யம். 'அமெரிக்காவில் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன பாருங்கள், ஐரோப்பாவிலும் இப்படி வேண்டும்' என்று காட்டத்தான் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது! வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் காரின் பின்னால் கருவியைக் கட்டி நிஜ ரோட்டில் ஓட்டினார்கள். மூன்று கார்களில் பிஎம்டபிள்யூ பெரும்பாலும் தேறியது. ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு கக்கியது. 2014-ல் இது வெளியானது. கலிஃபோர்னியா அதிகாரிகள் துருவத் தொடங்க, கம்பெனி ஒரு வருஷத்துக்கும் மேல் ஏதேதோ சமாதானம் சொன்னது. 'அடுத்த வருஷ மாடலுக்கு அனுமதி தர மாட்டோம்' என்ற பிறகுதான் உண்மையைச் சொன்னார்கள்.

2015 செப்டம்பர் 18-ல் விஷயம் வெடித்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஐந்தாவது நாள் தலைமை அதிகாரி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். அமெரிக்காவில் வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கிய கார்களை நிறுத்த இடமில்லாமல், மிச்சிகனில் ஒரு பழைய ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம், இழப்பீடு எல்லாம் சேர்த்து 3,000 கோடி யூரோவுக்கு மேல் போனது. இந்தியாவில் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அறிவித்தார்கள். 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

இனிமேல் யார் வாங்குவார்கள் என்றுதானே தோன்றுகிறது? 2016-ல் டொயோட்டாவைப் பின்னுக்குத் தள்ளி, உலகிலேயே அதிக வாகனம் விற்ற கம்பெனி ஃபோக்ஸ்வாகன்தான்! வாங்குபவர் பார்ப்பது கதவு மூடும்போது கேட்கிற அந்தக் கனமான சத்தத்தை, ஹைவேயில் நிற்கிற ஸ்டெபிலிட்டியை. புகைக்குழாயில் போகும் கண்ணுக்குத் தெரியாத வாயு பாதிப்பது அவரையல்ல, ரோட்டோரம் நடக்கிற யாரோ ஒருவரை. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இதுதான். 1938-ல் ஏமாந்தவர்கள் கையில் அட்டையாவது இருந்தது, வழக்குப் போட்டார்கள். இந்தப் புகையைச் சுவாசித்தவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

கார் கம்பெனியின் சாசேஜ்!

வுல்ஃப்ஸ்பர்க் ஊரில் இந்தக் கம்பெனிக்கு இருக்கும் மதிப்பே வேறு. கேன்டீனுக்காக 1973-லிருந்து சொந்தமாக சாசேஜ் தயாரிக்கிறார்கள். கறி மசாலா தூவிய கரிவுர்ஸ்ட். அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரியே பார்ட் நம்பர் உண்டு: 199 398 500 ஏ. 2024-ல் 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. ஃபோக்ஸ்வாகன் பிராண்டின் கார்களே அந்த வருஷம் அவ்வளவு விற்கவில்லை! 2021-ல் ஒரு கேன்டீனில் மட்டும் இறைச்சியை நிறுத்தியதற்கு, முன்னாள் பிரதமர் கெர்ஹார்ட் ஷ்ரோடரே எதிர்ப்புத் தெரிவித்தார். 2023-ல் சாசேஜ் திரும்பி வந்தது.

வேலைக்கும் ஒரு காலத்தில் அப்படி உத்தரவாதம் இருந்தது. 1994-ல் ஆள்குறைப்புக்குப் பதிலாக வாரம் நான்கு நாள் வேலை என்று மாற்றினார்கள். கம்பெனியில் மாநில அரசுக்கு 20 சதவிகித ஓட்டு இருப்பதால், தொழிற்சாலையை மூடுவது அத்தனை எளிதல்ல. ஆனால், பெரிய வருமானம் தந்த சீனாவில் 2023-ல் பிஒய்டி முந்திவிட்டது. 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் போட்ட ஒப்பந்தப்படி, 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகள் குறையும். கட்டாயப் பணிநீக்கம் இல்லை, ஓய்வு பெறுபவர்களின் இடம் நிரப்பப்படாது, அவ்வளவுதான் என்கிறார்கள். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் உண்டு. வுல்ஃப்ஸ்பர்க்கின் அடையாளமான பெட்ரோல் கோல்ஃப், 2027-லிருந்து மெக்சிகோவில் தயாராகும். கடைசி பீட்டில் இறங்கிய அதே புவேப்லாவில்.