காலம் காட்டும் வினையும் கிரேக்க வேதக் கதையும்

விவிலியத்தின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கி 1714–15-இல் அச்சேற்றினார். பின்னர் ஃபெப்ரீசியஸ், இரேனியஸ், பவர் எனப் பலர் உழைத்தனர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு ஆறுமுக நாவலர் துணைநின்றார். இவர்கள் அனைவர் முன்னும் நின்ற கேள்வி ஒன்று: கிரேக்க வினையின் சாயலைத் தமிழ் வினையில் எப்படிக் காட்டுவது?

கிரேக்க வினை ‘எப்போது நடந்தது’ என்பதோடு நிற்பதில்லை. செயலை முழுதாகப் பார்ப்பது ஒரு வடிவம். நடந்துகொண்டிருப்பதாகப் பார்ப்பது மற்றொன்று. முடிந்தும் அதன் பயன் நிலைப்பதைக் காட்டுவது மூன்றாவது. சிலுவையில் இயேசு சொல்லும் ‘டெடெலெஸ்டை’ என்ற சொல் இந்த மூன்றாம் வகை. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ‘முடிந்தது’ என்று நிற்கிறது.

இது குறையா? ‘முடிந்துவிட்டது’ என்றால் ஏதோ கைநழுவிப் போன தொனி வரலாம். ‘முடிந்திருக்கிறது’ என்றாலோ, ஈரத் தரையைப் பார்த்து ‘ராத்திரி மழை பேஞ்சிருக்கு’ என்கிறோமே, அதுபோல ஊகமாகக் கேட்கக்கூடும். ‘முடிந்தது’ என்பதில் உறுதி இருக்கிறது. ஆனால் நிலைத்த பயனை வாசகர்தான் உணர்ந்துகொள்ள வேண்டும். ஆக, எதைத் தேர்ந்தாலும் ஒன்று வரும், ஒன்று போகும்.

மாற்கு எழுதிய நற்செய்தியில் நடந்த கதையை நிகழ்காலத்தில் சொல்லும் இடங்கள் சுமார் 150 உண்டு. நம் பாட்டிமாரும் ‘ராஜா வர்றான், பாக்குறான்’ என்றுதானே கதை சொல்வார்கள்! எழுத்துத் தமிழோ அவற்றைப் பெரும்பாலும் இறந்தகாலமாக்கிவிட்டது.

காலம் இப்படி மாறி வருவதை நம் இலக்கணமும் அறியும். விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலத்தால் சொல்லலாம் என்கிறது தொல்காப்பியம். மிகுதி, தெளிவு முதலிய காரணங்களையும் சொல்கிறது நன்னூல். கம்பத்தில் பஸ் ஏறும்போதே, கம்பம்மெட்டில் காத்திருப்பவரிடம் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அது பொய்யல்ல, காலவழுவமைதி.

ஏலமலையில் நம் பிள்ளைகள் பலர் மலையாளத்தில் படிக்கிறார்கள். அங்கே ‘வந்நு’ என்றால் வந்தவன் அவனா, அவளா என்று வினை காட்டாது. தமிழ் வினை ஆளையும் காட்டும், காலத்தையும் காட்டும், சொல்பவர் மனத்தையும் காட்டும். ‘போனார்’, ‘போயிட்டார்’, ‘போயிருக்கார்’ மூன்றுக்கும் உள்ள வேற்றுமை வீட்டுப் பேச்சில்தான் பதியும். அது பதியாத பிள்ளைக்கு வேதமானாலும் புராணமானாலும் செய்தி மட்டுமே கிடைக்கும். சொன்னவர் குரல் கிடைக்காது. வீட்டில் தமிழில் கதை சொல்லுங்கள்.