வெள்ளாவியும் நுண்ணிழைத் துண்டும்

ஏம்பலத்தில் சாலையோரமாக ஒரு வாட்டர் வாஷ் கொட்டகை இருக்கிறது. கார்களைக் கழுவித் துடைத்து மெருகேற்றித் தருவது அங்கே தொழில். அதில் வேலை பார்ப்பவர் என் மாணவர் ஒருவரின் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், ரெண்டும் ஒரே கட்டுல வந்த துண்டுதான். இது தண்ணிய உறிஞ்சுது. இது தொடவே மாட்டேங்குது" என்றார்.

இரண்டையும் மேசைமேல் விரித்து ஆளுக்கொரு சொட்டு நீர் விட்டேன். முதல் துண்டில் சொட்டு கண் இமைப்பதற்குள் மறைந்தது. இரண்டாவதில் சேம்பிலைத் தண்ணீர்போல் உருண்டு நின்றது. விசாரித்ததில், இரண்டாவது துண்டு வீட்டில் துவைக்கப்பட்டது என்று தெரிந்தது. அவருடைய தாயார், மகன் தொழிலுக்கு உதவட்டும் என்று, கொதிநீரில் சவுக்காரம் போட்டு ஊறவைத்து, வீட்டுப் பருத்தித் துணிகளோடு சேர்த்து அடித்துத் துவைத்து, இறுதியில் மணமுள்ள கண்டிஷனரிலும் முக்கி எடுத்திருக்கிறார். அந்தத் துண்டுகளால் துடைத்த கறுப்புக் கார் ஒன்றில் மெல்லிய வட்டக் கீறல்கள் விழுந்துவிட்டன. இளைஞருக்கு இரண்டு நாள் கூலி போயிற்று.

அந்தத் தாய் செய்ததில் ஒன்றுகூட அறியாமை அன்று. பருத்தித் துணியைப் பொறுத்தவரை ஏறக்குறைய எல்லாமே சரியான முறைகள். பல தலைமுறையாகக் கைமாறி வந்தவை. துணி மாறிவிட்டது, துவைக்கும் முறை மாறவில்லை. பிழை அங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

சோழமண்டலக் கரையில் துணி வெளுப்பது ஒரு காலத்தில் பெருந்தொழில். தறியிலிருந்து இறங்கும் துணி வெண்மையாக இராது. பாவுக்கு இட்ட கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகும் அதில் இருக்கும். அவற்றை நீக்கி வெளுத்த பின்னரே கப்பலேற்ற முடியும். சென்னையில் வண்ணாரப்பேட்டை என்ற பெயரே, கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்த தொழிலாளர் அங்கே குடியிருந்ததால் வந்தது. நம் புதுச்சேரியின் வாழ்வும் துணியைச் சுற்றியே சுழன்றது. 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் போர்ச் செய்திகளுக்கிடையே துணி வணிகமும் இடம்பெறுவதைக் காணலாம்.

வெளுப்பதற்கு அன்றிருந்த கருவிகள் மூன்று: உவர்மண், வெள்ளாவி, கல். உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. அதைக் கரைத்த நீரில் துணியை நனைத்து, கொதிக்கும் பானையின்மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். காரமும் வெப்பமும் சேர்ந்து துணியிலுள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றிவிடும். அழுக்கே சோப்பாகித் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் விந்தை இது! மறுநாள் கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, வெயிலில் உலர்த்துவார்கள்.

இத்தனையையும் பருத்தி எப்படித் தாங்கிற்று? பருத்தி என்பது செல்லுலோஸ். அது உருகுவதில்லை, காரத்துக்கும் எளிதில் அழிவதில்லை. நனைந்தால் அதன் வலிமை குறைவதற்கு மாறாகச் சற்றுக் கூடவும் செய்யும். ஆகவே ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது முரட்டுத்தனமன்று. பொருளின் இயல்பறிந்த செயலே. அந்தத் தொழிலாளர்களை இழிவாக நடத்திய சமூகம் அவர்களுடைய வேதியியலை மட்டும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

துவைக்காமல் இருப்பதே பெருமை என்ற துணியும் இங்கே இருந்தது. 'கினே' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த, அவுரி நீலம் ஏற்றிய புதுச்சேரித் துணி 19ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே கருவேலம்பிசினுக்கு மாற்றாக அது நாணயம்போலவே கைமாறிற்று. அதன் பளபளப்பும் மொடமொடப்பும் வாங்குவோருக்கு முக்கியம். நீலம் மேனியில் ஒட்டுவதைக்கூட அவர்கள் விரும்பினர். பின்னர் ஆலைகள் வந்தன. ரோடியர் மில் என்று நம்மவர் சொல்லும் ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 1898-ல் தொடங்கியது, 2020-ல் மூடப்பட்டது. அதன் சங்கொலி கேட்டு எழுந்த குடும்பங்கள் புதுச்சேரியில் பல உண்டு. கார் துடைக்கும் துண்டு இன்று வேறெங்கிருந்தோ நெகிழி உறையில் வருகிறது.

அந்தத் துண்டின் பிறப்பு ஆய்வுக்கூடத்தில். 1935-ல் அமெரிக்காவில் கரோதர்சின் குழு நைலானை உருவாக்கியது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். டெரிலின் என்ற பெயரில் அது நம் தந்தையரின் காற்சட்டைகளை ஆண்டது. 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தைச் சேர்ந்த மியோஷி ஒகமோட்டோ இழையை மிக மிக மெல்லியதாக்கும் வழியொன்றைக் கண்டார். ஒரு பொருளுக்குள் மற்றொரு பொருளின் பல நுண்ணிழைகளைப் பதித்து இழுத்து, பின்னர் வெளிப்பொருளைக் கரைத்துவிடுவது. கடலை வற்றச்செய்து தீவுகளை மட்டும் எடுத்துக்கொள்வது போன்றது. முதலில் அவ்விழை செயற்கைத் தோலாயிற்று. 1980களில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியாகவும், 1990களில் ஐரோப்பாவில் வீடு துடைக்கும் துணியாகவும் பரவி, பின்பு கார்க் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது.

துடைக்கும் துணியில் வழங்குவது பெரும்பாலும் பிளவு இழை. பாலியெஸ்டரும் நைலானும் ஆரஞ்சுச் சுளைகள்போல் மாறிமாறி அமைந்த ஓர் இழையை முதலில் நூற்று நெய்து, பின்னர் சுளை சுளையாகப் பிரித்துவிடுகிறார்கள். சுளைகளுக்கு ஆப்பு வடிவம். இடையிடையே கூரிய இடுக்குகள்.

மென்மையை அளக்கும் அலகு டெனியர். 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை ஒரு கிராம் என்றால் அது 1 டெனியர். அத்தகைய பாலியெஸ்டர் இழையின் விட்டம் ஏறத்தாழ 10 மைக்ரான். அதற்கும் கீழே உள்ளதே நுண்ணிழை. பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் கொண்ட சதுரத் துண்டு, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள துணியில் வெட்டப்பட்டதென்று கொள்வோம். அதன் எடை 48 கிராம். இழைகள் 0.1 டெனியர் என்றால் மொத்த நீளம் என்ன? மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். 4,320 கிலோமீட்டர் வரும். இந்தியாவின் தெற்கு வடக்கு நீளமே 3,214 கிலோமீட்டர்தான்! ஒரு கைத்துண்டுக்குள் அத்தனை இழையும், அவற்றினிடையே அத்தனை இடுக்குகளும்.

அந்த இடுக்குகளே துண்டின் உயிர். பருத்தி நீரை இழைக்கு உள்ளேயும் வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை ஏறக்குறைய வாங்குவதே இல்லை. நுண்ணிழைத் துண்டு நீரை இழைகளுக்கு நடுவே தாங்குகிறது. நுண்புழையில் நீர் ஏறும் உயரம் புழையின் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஜூரின் 1718-லேயே காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள கண்ணாடிப் புழையில் நீர் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். 10 மைக்ரான் ஆரமென்றால் ஒன்றரை மீட்டர். துண்டின் இடுக்குகள் சீரான கண்ணாடிக் குழாய்கள் அல்லவாதலால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் இடுக்கு குறுகக் குறுக இழுப்பு வலுக்கும் என்பது உண்மை.

ஆனால் அதே சூத்திரத்தில் ஒரு கோசைனும் ஒளிந்திருக்கிறது. நீர் இழையைத் தொடும் கோணம் 90 டிகிரிக்குள் இருக்கும்வரை புழை நீரை இழுக்கும். அதைத் தாண்டினால் கோசைனின் குறி மாறிவிடும். இழுத்த புழையே நீரைத் தள்ளும். எவ்வளவு குறுகிய புழையோ அவ்வளவு வலுவாகத் தள்ளும்! நுண்ணிழையின் சிறப்பே அப்போது அதன் குறையாகிவிடுகிறது.

கோணத்தை மாற்ற எவ்வளவு பொருள் வேண்டும்? மிகச் சிறிதே போதும். இதற்கு அடிகோலியவர் ஒரு ஜெர்மானியப் பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலத்தில், வீட்டுச் சமையலறையிலேயே நீர்ப்பரப்பையும் எண்ணெய்ப் படலத்தையும் அளந்தார் ஆக்னஸ் போக்கல்ஸ். 1891-ல் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஒரே ஒரு மூலக்கூறு தடிப்புள்ள படலம்கூடப் பரப்பின் நடத்தையை மாற்றிவிடும் என்பது அவர் தொடங்கிய வழியில் பின்னர்த் தெளிவாயிற்று. கண்டிஷனர் செய்வதும் அத்தகைய வேலைதான். அதன் மூலக்கூறு நேர்மின் தலையால் இழையைப் பற்றிக்கொண்டு, கொழுப்பு வாலை வெளியே நீட்டும். பருத்தியில் இதன் தீங்கு குறைவு. நுண்ணிழையிலோ இடுக்குகள் எண்ணெய் தடவினாற்போல் ஆகிவிடும். குடத்தில் வெண்படலம் விடும் போர்த் தண்ணீரில் சவுக்காரம் போட்டாலும் நீரில் கரையாத கால்சியம் சோப்பு உண்டாகி இழைகளில் படியும்.

வெப்பம் அடுத்த எதிரி. ஏறத்தாழ 70, 80 டிகிரி செல்சியசில் பாலியெஸ்டரின் இறுக்கம் தளரத் தொடங்கும். நைலான் அதற்கும் முந்தும். டெரிலின் காற்சட்டையில் இஸ்திரி மடிப்பு நிலைத்து நிற்பது இதனால்தான். கொதிநீரில் கிடந்து ஆறிய துண்டின் இழைகளும் கசங்கிய நிலையிலேயே உறைந்துவிடும். வெள்ளாவிக்கு அஞ்சாத பருத்தியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கீறலுக்குக் காரணம் துவைத்தல் மட்டுமன்று, உலர்த்தலும் ஆகும் என்பது என் கருத்து. இளைஞர் துண்டுகளைச் சாலையோரக் கொடியில் காயப்போட்டு வந்தார். லாரி போகும்போதெல்லாம் புழுதி பறக்கும் இடம் அது. மணலின் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7, எஃகையும் கீறவல்லது. கார் வண்ணத்தின்மேல் உள்ள தெளிந்த பூச்சோ பல வண்டிகளில் 40, 50 மைக்ரான் தடிப்பே. நீரை உறிஞ்சாத துண்டை அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும். இழைகளில் சிக்கிய மணல் அங்கே உளியாகிவிடும்.

மேசையடியில் வாளியை வைத்துப் பேசியே அன்று மாலை கழிந்தது. வெதுவெதுப்பான நீர், சிறிதளவு திரவச் சோப்பு, கண்டிஷனர் கூடாது, பருத்தித் துணியோடு சேர்க்கக் கூடாது (அதன் பஞ்சு நுண்ணிழையில் ஒட்டிக்கொள்ளும்), நுரை போகும்வரை அலசல், கொட்டகைக்கு உள்ளே நிழலில் உலர்த்தல். அலசிய நீரை ஓடையில் விடாமல் துணியால் வடிகட்டச் சொன்னேன். ஒரே செயற்கை இழை ஆடை ஒரு சலவையில் 1,900-க்கு மேற்பட்ட இழைத் துணுக்குகளை உதிர்க்கக்கூடும் என்று 2011-ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வடிகட்டியில் எல்லாம் நிற்காது; ஓரளவு நிற்கும்.

மூன்று சலவைக்குப் பின் அவர் மீண்டும் வந்தார். பன்னிரண்டு துண்டுகளில் எட்டில் நீர்ச்சொட்டு இறங்கிற்று. மற்ற நான்கும் தேறவில்லை. அவற்றின் மூலைகளை அடையாளத்துக்காகக் கத்தரித்துச் சக்கரம் துடைக்க ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார். கத்தரித்தவர் அவருடைய தாயார்.