ஓல்டு கிராண்ட்-டாட்: ஒரே போர்பன், மூன்று வீரியங்கள்

ஓல்டு கிராண்ட்-டாட் என்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜிம் பீம் நிறுவனம் வடித்து விற்கும் போர்பன் விஸ்கிகளுள் ஒன்று. ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சேர்க்கப்படுவதும், அப்படியிருந்தும் விலை கடை அடுக்கின் கீழ்த்தட்டிலேயே நிற்பதும் அதன் அடையாளங்கள். இது 80, 100, 114 என மூன்று புரூஃப் அளவுகளில், அதாவது கன அளவில் 40, 50, 57 விழுக்காடு எத்தனால் கொண்டதாகக் கிடைக்கிறது. மூன்றுக்கும் தானியக் கலவை ஒன்றே. ஆகவே ஒரு விஸ்கியின் சுவையில் தானியத்தின் பங்கு எவ்வளவு, சாராயச் செறிவின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய விரும்புவோர்க்கு, அதிகச் செலவில்லாத வழிகளில் இம்மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முதன்மையானது.

தோற்றம்

பெயரில் குறிக்கப்படும் பாட்டனார் பேசில் ஹேடன். இவர் 1785இல் மேரிலாந்திலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவற்றைக் கென்டக்கிக்கு அழைத்துச்சென்று குடியமர்த்தியவர். ரை விஸ்கி வடிப்பதில் பழக்கமுடைய மேரிலாந்தின் வழக்கத்தையொட்டித் தம் வடிப்பில் அத்தானியத்தை மிகுதியாகச் சேர்த்தவர் என்று கூறப்படுகிறார். இவருடைய பேரன் ரேமண்ட் ஹேடன் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வடிசாலையின் விஸ்கிக்குப் பாட்டனாரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. புட்டியின் முகப்பில் இன்றும் காணப்படும் மார்பளவு உருவம் அவருடையதே. மதுவிலக்கு நடைமுறையிலிருந்த 1920-33 காலத்தில் மருத்துவரின் சீட்டுக்கு விற்கப்பட்ட மருத்துவ விஸ்கிகளில் இதுவும் ஒன்றாக இருந்து பிழைத்தது. பின்னர் நேஷனல் டிஸ்டில்லர்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் கையிலிருந்து, 1987இல் ஜிம் பீமின் தாய் நிறுவனத்துக்கு மாறியது. உரிமையாளரும் வடிசாலையும் மாறிய பின்னும் ரை மிகுந்த கலவை கைவிடப்படாததே இதன் வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

தானியக் கலவை

அமெரிக்கச் சட்டப்படி போர்பன் எனப்படுவதற்கு, நொதிக்கவைக்கும் தானியக் கூழில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். வடிக்கும்போது வீரியம் 160 புரூஃபைத் தாண்டலாகாது. உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக்கலனில் 125 புரூஃபுக்கு மேற்படாத வீரியத்தில் ஊற்றி முதிரவைக்கப்பட வேண்டும். புட்டியில் அடைக்கும்போது 80 புரூஃபுக்குக் குறையலாகாது. நிறமூட்டியும் சுவையூட்டியும் சேர்க்கத் தடை உண்டு. இறுதியில் சேர்க்கத்தக்க ஒரே பொருள் நீர். எஞ்சிய 49 விழுக்காட்டில் எந்தத் தானியம் எவ்வளவு என்பதைச் சட்டம் வடிப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. அந்த இடத்தில்தான் ஒரு போர்பன் மற்றொன்றிலிருந்து பிரிகிறது.

பெரும்பாலான போர்பன்களில் ரை 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கும். ஓல்டு கிராண்ட்-டாடின் கலவையாகப் பரவலாக அறியப்படுவது மக்காச்சோளம் 63, ரை 27, முளைகட்டிய பார்லி 10 விழுக்காடு. இது அதே நிறுவனத்தின் வெள்ளைச் சீட்டு ஜிம் பீமில் உள்ள ரையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ‘ரை மிகுந்த போர்பன்’ என்ற தொடருக்குச் சட்டத்தில் வரையறை ஏதுமில்லை. அது வணிகர்களும் குடிப்போரும் வழங்கும் பெயர் மட்டுமே என்பதால், புட்டியின்மேல் அத்தொடரைக் கண்டு விகிதத்தை ஊகிப்பது பயன்படாது. ரை கையாளக் கடினமான தானியம். அதிலுள்ள பசைத்தன்மை கொண்ட நார்ப்பொருள்கள் கூழைக் கெட்டியாக்கி, நொதிக்கும்போது நுரை பொங்கித் தொட்டியை விட்டு வழியச் செய்கின்றன. இத்தொல்லையைப் பொறுத்துக்கொண்டு வடிப்போர் அதை விரும்புவது, மக்காச்சோளத்தின் இனிப்பை அறுத்துக்கொண்டு எழும் மிளகு, கிராம்பு, புதினா ஆகியவற்றை நினைவூட்டும் காரமணத்துக்காக.

புரூஃப் என்னும் அளவை

புரூஃப் என்பது மதுவின் வீரியத்தைக் குறிக்கும் பழைய அளவை. வெடிமருந்தின்மீது மதுவை ஊற்றித் தீயிட்டு, மருந்து பற்றிக்கொண்டால் மது தேறியது எனக் கொண்டார்கள் என்ற கதை இதன் தோற்றமாகச் சொல்லப்படுவதுண்டு. பின்னர் பிரித்தானியர் அதை எடையால் வரையறுத்தனர்: சம அளவு நீரின் எடையில் 13இல் 12 பங்கு எடையுள்ள மதுவே 100 புரூஃப், அதில் எத்தனால் சுமார் 57.15 விழுக்காடு இருக்கும். அமெரிக்கர்கள் இக்கணக்கை எளிதாக்கி, எத்தனால் விழுக்காட்டின் இருமடங்கே புரூஃப் என்று வைத்துக்கொண்டனர். இந்தியாவில் பிரித்தானிய முறையே ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டு மதுப்புட்டிகளில் 42.8 விழுக்காட்டுக்கு அருகே 75 பாகை புரூஃப் என்று அச்சிடப்படுவதற்கு இதுவே காரணம். இந்திய வாசகர் இந்த வேறுபாட்டை மறந்து அமெரிக்கப் புட்டியின் 80ஐப் படித்தால், அது 75ஐவிட வீரியம் மிக்கது என்று தவறாகக் கொள்ள நேரும். உண்மையில் அது பிரித்தானியக் கணக்கில் 70 பாகைதான். 114 புரூஃப் புட்டியோ அக்கணக்கில் கிட்டத்தட்ட நேராக 100 பாகையில் வந்து நிற்கிறது.

இந்த அளவை இன்றுவரை நிலைத்திருப்பதற்குச் சுவையைவிட வரியே காரணம். அமெரிக்கக் கூட்டரசு மதுவுக்கு விதிக்கும் தீர்வை, 100 புரூஃப் வீரியமுள்ள ஒரு கேலனை அலகாகக் கொண்டது; அதன் பொது வீதம் அலகுக்கு 13.50 டாலர். அவ்வீதத்தில் 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றுக்கு 80 புரூஃபில் சுமார் 2.14 டாலரும், 100இல் 2.67 டாலரும், 114இல் 3.05 டாலரும் தீர்வையாகின்றன. மூன்று புட்டிகளின் விலை வேறுபாட்டில் ஒரு பகுதி இவ்வாறு வரியிலேயே அடங்கிவிடுகிறது.

மூன்று புட்டிகள்

80 புரூஃப் புட்டி சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த வீரியத்தில் அடைக்கப்படுவது. 2013க்கு முன் இது 86 புரூஃபாக இருந்தது. அவ்வாண்டு குறைக்கப்பட்டபோது பழைய வாடிக்கையாளர்கள் முகஞ்சுளித்ததில் நியாயம் உண்டு, ஏனெனில் மூன்றனுள் நீர்த்த உணர்வு தரும் புட்டி இதுவே. நிறம் வெளிறிய தேன். மணத்தில் ஆரஞ்சுத் தோலும் வறுத்த நிலக்கடலையும் தெரியும். விழுங்கிய சில நொடிகளில் சுவை அடங்கிவிடும்.

100 புரூஃப் புட்டி 1897ஆம் ஆண்டின் ‘பாட்டில்டு-இன்-பாண்ட்’ சட்டத்தின்படி அடைக்கப்படுவது. அக்காலத்தில் தரகு வணிகர்கள் வெற்றுச் சாராயத்தில் நிறமும் புகையிலைச் சாறும் சேர்த்து விஸ்கி என்று விற்றுவந்ததால், கென்டக்கி வடிப்பாளர் எட்மண்ட் டெய்லர், கருவூலச் செயலர் ஜான் கார்லைல் ஆகியோரின் முயற்சியால் இச்சட்டம் இயற்றப்பட்டது. ஒரே வடிசாலையில், ஒரே வடிப்புப் பருவத்தில் வடிக்கப்பட்டு, அரசுக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டுகள் முதிர்ந்து, கூடாமலும் குறையாமலும் 100 புரூஃபில் அடைக்கப்பட்ட விஸ்கிக்கே இத்தகுதி கிடைக்கும். ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு பருவம், ஜூலை முதல் டிசம்பர் வரை மற்றொன்று. வடித்த இடத்தின் பதிவெண்ணைச் சீட்டில் அச்சிடுவதும் கட்டாயம். ஒரு நூற்றாண்டைக் கடந்த இச்சட்டம், மலிவான புட்டி ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு எந்த விளம்பரத்தையும்விட நம்பகமான சான்று.

114 புரூஃப் புட்டி நேஷனல் டிஸ்டில்லர்ஸ் காலத்தில் வெளிவந்தது. தொடக்கத்தில் பீப்பாயின் வீரியத்திலேயே அடைக்கப்பட்டது என்ற விளம்பரத்துடன் இது விற்கப்பட்டது. ஆயினும் பீப்பாய்க்குப் பீப்பாய் வீரியம் மாறும். கென்டக்கிக் கிடங்குகளின் வெப்பமான மேல்தளங்களில் எத்தனாலைவிட நீர் விரைந்து ஆவியாவதால் வீரியம் ஏறவும் செய்யும். எனவே ஆண்டுதோறும் மாறாமல் 114 என்றே நிற்கும் புட்டி, நீர் சேர்த்து அந்த எண்ணுக்குக் கொண்டுவரப்பட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

மூன்றனுள் எதிலும் வயது பொறிக்கப்படவில்லை என்பது குறையன்று. 4 ஆண்டுகளுக்கும் குறைவாக முதிர்ந்த விஸ்கிகள் தம் வயதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆகவே சொல்லாத புட்டி அவ்வயதைக் கடந்தது. தானியமும் ஒன்று, வயதின் கீழெல்லையும் ஒன்று என்றால், மூன்றையும் வேறுபடுத்துபவை ஒவ்வொன்றுக்கும் பொறுக்கப்படும் பீப்பாய்களும், அவற்றுள் கலக்கப்படும் நீரும் மட்டுமே.

நாவில் நிகழ்வது

எத்தனால் 57 விழுக்காடு உள்ள புட்டியை 40 விழுக்காட்டுக்கு இறக்கினால், ஓக் மரத்திலிருந்து ஊறிய நிறம், வனிலா மணப்பொருள், துவர்ப்பு ஆகியவை அனைத்தும் அதே அளவில், ஏறக்குறைய பத்தில் ஏழு பங்காக நீர்த்துப்போகின்றன. மூன்றையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெள்ளைத் தாளின்மேல் வைத்தால், 114இன் செம்பழுப்பு 80இல் பொன்னிறமாக வெளிறியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

காரம் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பிதான் சாராயத்தின் எரிச்சலையும் உணர்கிறது. வழக்கமாக 42 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் தூண்டப்படும் அந்த ஏற்பி, எத்தனால் பட்டதும் சுமார் 34 பாகையிலேயே தூண்டப்படுகிறது. உடற்சூடு அதற்கு மேற்பட்டது என்பதால் வாய் எரிவதாக மூளைக்குச் செய்தி போகிறது. இந்த எரிச்சலை ரையின் காரம் என்று மயங்கிக்கொள்வோர் பலர். 114 புரூஃபின் முதல் மடக்கில் எழும் சூட்டில் பெரும்பகுதி தானியத்துடையதன்று. மயக்கத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு: 114இல் 30 மில்லிலிட்டருக்குச் சுமார் 13 மில்லிலிட்டரும், 100இல் 30க்கு 7.5 மில்லிலிட்டரும் நீர் சேர்த்தால் இரண்டும் 40 விழுக்காட்டுக்கு வந்துவிடும். அதன் பின்னும் எஞ்சும் கிராம்பும் புதினாவும் ரையுடையவை; காணாமற்போனது சாராயச் சூடு.

நீர் மணத்தையும் மாற்றுகிறது. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வில், கருகிய மரத்திலிருந்தும் வரக்கூடிய குவையாக்கோல் என்னும் புகைமண மூலக்கூறு, எத்தனால் 45 விழுக்காடு வரை உள்ள கலவையில் மேற்பரப்பை ஒட்டியே நிற்பதும், 59 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே அமிழ்வதும் காட்டப்பட்டன. 57 விழுக்காட்டில் மூடிக்கிடந்த மணம் சில துளி நீரில் எழுவதாகக் குடிப்போர் சொல்வது இதனோடு ஒத்துப்போகிறது. எனினும் இது ஒரே ஒரு மூலக்கூறைப் பற்றிய மாதிரி என்பதையும், விஸ்கியில் அத்தகையவை நூற்றுக்கணக்கில் உண்டு என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பயன்பாடு

சர்க்கரையும் கசப்புத் துளிகளும் சேர்த்துப் பனிக்கட்டியில் கலக்கும் ‘ஓல்டு ஃபேஷன்டு’ போன்ற கலவைகளில் வீரியத்தின் பயன் வெளிப்படையாகத் தெரியும். 60 மில்லிலிட்டர் விஸ்கியோடு பனிக்கட்டி உருகிய நீர் 25 மில்லிலிட்டர் சேர்வதாகக் கொண்டால், 80 புரூஃப் விஸ்கி 28 விழுக்காடாகவும், 100 புரூஃப் 35 ஆகவும், 114 புரூஃப் 40 ஆகவும் இறங்கும். அதாவது கடைசிப் புட்டி, கலக்கி முடித்த பின்னும் முதல் புட்டி திறக்கும்போது இருந்த வீரியத்தில் இருக்கிறது. ஆனால் தனியாகப் பருகுவதற்கும் கலப்பதற்கும் ஒருசேர உதவுவது 100 புரூஃபே. வீரியம் சுவையை மறைக்காமலும், ரை நீரில் கரைந்துபோகாமலும் அது நடுவில் நிற்கிறது. இதே கலவையிலிருந்து 1992இல் ஜிம் பீம் அறிமுகம் செய்த பேசில் ஹேடன் என்னும் 80 புரூஃப் போர்பன், வீரியம் குறைவாக இருந்தும் இதைவிடக் கூடுதல் விலைக்கு விற்பது, புட்டியின் அழகுக்கு உள்ள மதிப்பைக் காட்டுகிறது.

மலிவுக்கணக்கு பார்ப்போர் மறக்கக்கூடாத மறுபக்கமும் உண்டு. அமெரிக்க உடல்நல அமைப்புகள் ‘ஒரு குடி’ என்று கொள்ளும் அளவு 14 கிராம் தூய எத்தனால். அது 80 புரூஃபில் 44 மில்லிலிட்டரிலும், 100இல் 35 மில்லிலிட்டரிலும், 114இல் 31 மில்லிலிட்டரிலும் நிறைவுறுகிறது. எனவே 60 மில்லிலிட்டர் ஊற்றும் பழக்கமுடையவர் 114 புரூஃபில் ஒரே குவளையில் ஏறத்தாழ இரண்டு குடிகளை எடுத்துக்கொள்கிறார்.